கதவுக்கு வெளியே சர்க்கரை

ஒரு தசைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்றோர் அடுப்பு இருந்தது. சர்க்கரையை எரித்துச் சக்தி தருவது அதன் வேலை. இப்போது எரிக்க ஒன்றுமில்லாமல் அணையப் பார்த்தது. செல்லின் கதவுக்கு வெளியே, ரத்தத்திலோ, சர்க்கரைக் கூட்டம் தள்ளுமுள்ளு பண்ணிக்கொண்டிருந்தது.

“கதவண்ணே, கொஞ்சம் திறங்களேன். பசியில உயிர் போகுது,” என்றது அடுப்பு.

“இன்சுலின் வந்து தட்டணும். அதுதான் முறை.”

“அது காலையிலேருந்து தட்டிக்கிட்டேதானே இருக்கு!”

“எந்நேரமும் தட்டினா எவன் மதிப்பான்?” கதவு கொட்டாவி விட்டது.

மிச்சமிருந்த ஒரு பொறியை அடுப்பு பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டது.

அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். “வத்சலா, உடம்பெல்லாம் ஒரே அசதியா இருக்கு. ஒரு காபி போடேன், சர்க்கரை தூக்கலா.”