புல்மேடு கைமாறிய காலை

சாவியை வாங்கிக்கொள்ள ஊரே வந்திருந்தது.

எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். லாரி டிரைவர் தலையைப் படிய வாரியிருந்தார். தையற்கடைக்காரர் தானே தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற கண்டக்டரம்மா மட்டும் சீருடையில் வந்திருந்தாள். மதியம் அவளுக்கு பஸ்ஸில் வேலை.

பத்திரப்பதிவு முந்தின நாளே முடிந்துவிட்டது. பூங்காவின் தெற்குக் கதவைத் திறந்து சாவியைக் கையில் கொடுத்துவிட்டால், விற்றவள் பொறுப்பு அதோடு தீர்ந்தது.

விற்றவள் பல் டாக்டர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவள். அப்படியும் அவளைக் கண்டால் ஜனங்கள் வாய்நிறையச் சிரித்தார்கள் என்றால், கைராசி அப்படி.

மாளிகையும் அதைச் சுற்றிய பூங்காவும் அவளுடைய குடும்பச் சொத்து. நடுவில் ஏரி. இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்து நிற்கும் நீண்ட பாதை. பாட்டனாருக்குப் பாட்டனார் வெறும் பொட்டலைச் சோலையாக்கினார் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். வெளியூரில் யாராவது எந்தக் குடும்பம் என்று விசாரித்தால் அவள் முதுகு தானாக நிமிரும்.

ஆனால் மாளிகையின் கூரை ஒழுகியது. ஒரு துண்டையாவது விற்றால்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடியும்.

முதலில் வந்தது ஹோட்டல் கம்பெனி. அவர்கள் அனுப்பிய ஆள் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு விலை சொன்னான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஊர்க்காரர்கள் வந்தார்கள். சங்கம் வைத்து வருஷக்கணக்காகப் பணம் சேர்த்திருந்தார்களாம். அவளோடு முழுப் பூங்காவையும் நடந்தே பார்த்தார்கள்.

ஏரிக்கரையைக் காட்டினாள். தலையாட்டினார்கள். மரப்பாதையைக் காட்டினாள். ரொம்ப அழகு என்றார்கள். கடைசியில் கண்டக்டரம்மா கேட்டது தெற்கு ஓரத்துப் புல்மேட்டை.

மரமில்லை, தண்ணீரில்லை. ஆடு மேய்க்கத்தான் லாயக்கு.

அவளுக்குச் சுருக்கென்றது. நகைப்பெட்டியைத் திறந்து வைத்தால் பெட்டியின் மூடியைக் கேட்கிறார்களே! எதற்கு என்று கேட்டுப் பார்த்தாள். எங்களுக்கு அது போதும் என்றாள் கண்டக்டரம்மா.

தம்பிதான் தாம்தூம் என்று குதித்தான்.

“ஹோட்டல்காரன் குடுக்கிறதுல பாதிகூட இல்லையே! ஒனக்கு மூளை குழம்பிப்போச்சா அக்கா?”

“இறங்கி நடந்து பாத்தவங்களுக்குத்தான் குடுப்பேன்” என்றாள். அன்றிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் வந்திருந்தான், ஆனால் காருக்குள்ளேயே உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. தங்கள் குடும்பம் கொடுக்கிறது, ஊர் வாங்குகிறது. அந்த நினைப்பே நெஞ்சை நிறைத்தது.

கதவைத் திறந்தாள். கண்டக்டரம்மா இரண்டு கைகளாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. ஆரவாரம் இல்லை.

மெதுவாக உள்ளே நடந்தார்கள்.

நேரே போகவில்லை. வெட்டவெளியில் கொஞ்ச தூரம் போய் இடதுபக்கம் திரும்பினார்கள். பிறகு வலதுபக்கம். இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தைத் தாண்டி ஒருவரும் விலகவில்லை. குறுக்கே மறிக்க ஒரு செடிகூட இல்லாத மேட்டில் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. பின்னாலேயே போனாள்.

தையற்கடைக்காரர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அவர் வீட்டு ஆட்களும் அவரோடு நின்றார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி லாரி டிரைவரின் குடும்பம். எதிர்ப்பக்கம் கண்டக்டரம்மாவின் குடும்பம். கொஞ்ச நேரத்தில் மேடு முழுக்க, எதிரும் புதிருமாக, வரிசையாக ஆட்கள்.

அவள் அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

மழையே இல்லாத கோடை. அடியில் கல் கிடக்கிற இடத்தில் புல் முதலில் கருகும். பச்சைக்கு நடுவே மஞ்சள் கோடுகள் நூல் பிடித்த மாதிரி ஓடின. மூலையில் மடங்கின. சதுரம் சதுரமாக, ஒன்றையொன்று ஒட்டி. அவற்றுக்கு நடுவே, அவர்கள் நடந்து வந்த அதே வளைவுகளோடு, நீளமான ஒரு பச்சைப் பட்டை.

அஸ்திவாரங்கள். அறைகள். தெரு.

இங்கே பொட்டல் என்று எதுவும் இருந்ததில்லை. ஓர் ஊர் இருந்திருக்கிறது. மாளிகை ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படக்கூடாது என்று அதைத் தரைமட்டமாக்கி, ஜனங்களை மதிலுக்கு வெளியே தள்ளிப் புல் விதைத்திருக்கிறார் அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார். யார் வீடு எது என்று இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அவளுக்கு முகம் சுட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள்.

“அங்க நிக்காதீங்க டாக்டரம்மா, அது எங்க அடுப்படி” என்றாள் கண்டக்டரம்மா. “கூடத்துக்கு வந்து உக்காருங்க.”

குரலில் குத்தல் துளியும் இல்லை. முதல் விருந்தாளியைக் கூப்பிடுகிற வீட்டுக்காரியின் மிடுக்கு இருந்தது.

டாக்டரம்மா வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சுற்றிக்கொண்டு போய், அந்த வழியாகவே உள்ளே நுழைந்தாள்.