இரண்டாவது எக்ஸ்ரே

காலையில் கவியரசன் பால் பாட்டிலைக் கொதிநீரில் போட்டான். பிரசவத்தில் இறந்துபோன தமயந்தியின் வளையல்கள் இரண்டும் அலமாரியில் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பால்பவுடர் டப்பாவை எடுத்தான். குடித்த பாலைக் குழந்தை அப்படியே கக்கியது. வயிறு கல்லாக உப்பியிருந்தது.

வைட்ஃபீல்ட் மருத்துவமனையில் டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "குடல் அடைச்சிருக்கலாம். எக்ஸ்ரேல காத்து கீழ வரைக்கும் இறங்கியிருந்தா ஆபரேஷன் வேணாம்."

எக்ஸ்ரே அறையில் அவன் ஈயக் கவசம் மாட்டிக் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டான். கால்களைப் பிடிக்க ஆளில்லை. ஆனாலும் அவை உதைக்காமல் நேராக இருந்தன.

படம் எடுத்த உமேஷ் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சலித்துக்கொண்டான். "ஏன் சார், நகையெல்லாம் கழட்டச் சொன்னேன்ல? கால் புடிச்ச மேடத்தோட வளையல் அடிவயித்தையே மறைக்குது. இன்னொண்ணு எடுக்கணும்."

திரையில், குழந்தையின் அடிவயிற்றின் மேல் இரண்டு வெள்ளை வட்டங்கள் தெரிந்தன.

கவியரசன் திரும்பிப் போய்க் குழந்தையின் கைகளைப் பிடித்தான். கால்மாட்டைப் பார்த்து, "கழட்டிடு தமா," என்றான்.

இரண்டாவது படத்தில் வட்டங்கள் இல்லை. காற்று கீழ்வரை கறுப்பாக இறங்கியிருந்தது.

"அடைப்பு இல்லப்பா," என்று அங்கேயே வந்து படத்தைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "ஆபரேஷன் வேணாம். இன்னிக்கு மட்டும் இங்க இருக்கட்டும்."

எக்ஸ்ரே மேசையிலிருந்து குழந்தையை எடுக்கக் குனிந்தான். கால்மாட்டில் இரண்டு வளையல்களும் கிடந்தன. தொட்டான். உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

பிரசவ அறைக்குள் போகுமுன் அவற்றைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் தமயந்தி அதைச் சொன்னாள். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

"பத்திரமா வெச்சிருங்க. வந்து போட்டுக்கறேன்."