மழமழவென்ற தண்டு

தக்காளித் தண்டில் கட்டியை முளைக்க வைக்கும் பொல்லாத பாக்டீரியா அது. அதன் மரபணுக்களில் ஒன்றை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, தண்டுகளை ஊசியால் கீறிக் காயத்தில் தடவிவிட்டிருந்தாள் பிலோமினா. இன்று பசுமைக்குடிலைத் திறந்தாள். வெட்டுப்படாத பாக்டீரியாவைத் தடவிய முதல் வரிசைச் செடிகளில் கடலை உருண்டைபோலக் கட்டிகள் புடைத்திருந்தன. வெட்டுப்பட்டதைத் தடவிய அடுத்த வரிசையைப் பார்த்தவள் தன் கண்களை நம்பவில்லை. கண்ணை மூடி, மூன்று விரல்களைச் சேர்த்துத் தண்டைச் சுற்றி மெல்ல அழுத்தினாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, குளிக்கும்போதெல்லாம் தன் மார்பை அழுத்திப் பார்க்கும் அதே விரல்கள். கீறல் ஆறிய தழும்புதான் தட்டுப்பட்டது. அடுத்த செடியிலும் அப்படித்தான். கடைசிச் செடிவரை அப்படியேதான்.

கூட ஆராய்ச்சி செய்யும் கதிரேசன் உள்ளே வரத் துணிவில்லாமல் வாசலிலேயே நின்றார். “என்ன மேடம், ஏதாச்சும் இருக்கா?”

“ஒன்னுமே இல்ல கதிரேசன்! ஒன்னுமே இல்ல!”

இதை டாக்டர் வாயிலிருந்து கேட்கத்தான் ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். இன்று அதைச் சொல்வது அவள் முறை. கதிரேசன் கைதட்டி முடித்த பிறகும், ஆசைதீர இன்னொரு தடவை கத்தினாள். மூன்று விரல்களும் இன்னும் சேர்ந்தே இருந்தன.