தழும்புக்குக் கீழே

கவிநிலாவுக்குப் படலம் வளர்ப்பதுதான் வேலை. காற்றே இல்லாத எஃகுக் கலனுக்குள் நிக்கலையும் அலுமினியத்தையும் ஆவியாக்கி, ஒரு தகட்டின் மேல் அணு அணுவாகப் படியவைப்பாள். வளர்ந்த பரப்பில் வயல் வரப்புகள் போலப் படிகள் தெரியும். நுண்ணோக்கி அதை மேலிருந்து கீழாக, கோடு கோடாகத் திரையில் வரையும்.

திங்கட்கிழமை அந்த வரப்புகள் வளைந்து சுழித்திருந்தன. சுழியின் நடுவே ஒரு திட்டு. அவள் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். அதே சுழி. சால்டரிங் அயர்ன் சுட்ட அதே தழும்பு.

"கிளவுஸ் போடாம தொட்டுட்டியாம்மா?" என்றார் ஆய்வக உதவியாளர் கொளஞ்சி.

"தொட்டாலும் இப்படி வராதுண்ணா. இந்தப் படம் மொத்தமும் ஒரு தலமுடி அகலம்கூட இல்ல."

படலத்தை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக வளர்த்தாள். மறுநாள் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து ஆய்வகத்துக்கு வந்ததும் நுண்ணோக்கியை ஓடவிட்டாள். முதலில் விரல் நுனி வந்தது. பிறகு சுழி, தழும்பு. தழும்புக்குக் கீழே குறுக்காக, வெட்டியது போல ஒரு நேர்கோடு. அதற்குக் கீழே ரேகையே இல்லை. வெறும் சமதளம்.

விரலைத் தடவிப் பார்த்தாள். முழுசாக இருந்தது.

பின்னால் கொளஞ்சி கலனின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தூக்க வேண்டிய எஃகு மூடி அது.

"கவி, ஒரு கை புடிம்மா," என்றார். "சீக்கிரம், வழுக்குது."

அவள் யோசிப்பதற்குள் வலது கை நீண்டுவிட்டது.