வருமானமாகக் கொள்ளப்படும்

கார்காலம் அவ்வாண்டு ஆரவாரமின்றி வந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை. துயருற்ற ஒருவர் வாய் திறவாமல் வாசலில் வந்து நிற்பதுபோல் மேகம் கவிந்து நின்றது. பிரிந்தவர் மீளும் பருவம் என்று பழம்பாடல்கள் போற்றுவது இதனைத்தான்.

அந்த ஈரம் வீட்டினுள்ளும் புகுந்திருந்தது. கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தது. மேசைமேல் கிடந்த கடிதமும் நமுத்துத் தொய்ந்திருந்தது.

நலத்துறைக் கடிதம், நான்கு தாள். அதனருகே, உதவித்தொகை பெற்று விடுதியில் சேர்வதற்கான கல்லூரியின் சம்மதப் படிவம். அதில் கையெழுத்திட அன்றே கடைசி நாள்.

அக்கா கடிதத்தைச் சக்கர நாற்காலியில் இருந்த மாணவிக்கு எதிரே உயர்த்திப் பிடித்தாள். மாணவியின் விரல்கள் அவள் சொற்படி கேளா. அவள் கண்ணால் படித்து முடித்து "ம்" என்பாள், அக்கா புரட்டுவாள். பாடப்புத்தகம் முதல் நாளிதழ் வரை பதினோராண்டாக அவ்விருவரும் படித்தது இவ்வாறுதான்.

"நிதானமாக் காட்டு அக்கா. ஸ்காலர்ஷிப் வாங்கினா மாசப் பணம் நின்னுடும்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல படி, புரொஃபசரம்மா. அப்புறம் முறுக்கிக்கலாம்."

முதல் தாள் தெளிவாகத்தான் தொடங்கியது. கல்வி உதவித்தொகையில் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் செல்லும் பகுதி வருமானம் அன்று. உணவுக்கும் அறைக்கும் செல்லும் பகுதி வருமானம். ஆயினும் அவ்வருமானம் வரி வரம்பை எட்டாது. ஆதலின் வரி இல்லை.

"ம்."

அக்கா புரட்டினாள்.

அடுத்து வந்தது, 'மேற்கூறிய காரணத்தால்' என்று தொடங்கி, எந்தப் படிவத்தை எத்தனை படிகளில் எவருக்கு அனுப்ப வேண்டும் என்று விரித்துக்கொண்டே சென்றது.

மாணவியின் புருவம் நெரிந்தது. எந்தக் காரணத்தால்? வரியில்லாத வருமானம் வருமானமா, இல்லையா? ஒரே பணம் வரிக்காரருக்கு இல்லாததாகவும் வேறொருவருக்கு இருப்பதாகவும் ஆவது எங்ஙனம்?

"ம்."

கடைசியில் ஒரு முத்திரையும் தொலைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன.

"திரும்ப முதல்லேருந்து காட்டு."

காட்டினாள். மறுமுறையும் காட்டினாள். விண்மீன்களின் தொலைவை அளக்கக் கற்றவள், நலத்துறையின் இரண்டு பத்திகளுக்கு நடுவே வழி தெரியாமல் நின்றாள்.

"தலை சுத்துது அக்கா. மாசப் பணம் வருமா, நின்னுடுமா? அது எங்கதான் இருக்கு?"

"ஆகாசத்தையே கணக்குப் போடுற உனக்குப் புரியலேன்னா, எனக்கு என்னத்தப் புரியும்? வரி இல்லேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு பாரு."

"நிறுத்துறதா இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?"

"சொல்லாமலா விடுவாங்க?" என்றாள் அக்கா, தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபடி.

 மாணவி தெளியாத முகத்தோடே தலையசைத்தாள்.

அக்கா பேனாவை அவள் விரல்களுக்கிடையில் செருகி, மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். பெயர் கோணலாக விழுந்தது. உறைக்குள் போன படிவத்தைத் தெருமுனைத் தபால் பெட்டியில் சேர்த்துவிட்டு, நனைந்த தலையோடு திரும்பினாள்.

அடுக்களையில் தனியே நின்று, கடிதத்தை எடுத்தாள். முதலிரண்டு தாள்களுக்கு நடுவே கத்தி முனையை மெல்ல நுழைத்துப் பிரித்தாள். அவற்றை ஒட்டியது மழையின் ஈரம் அன்று. காலையில் அவளே தடவிய பசை. அது இன்னும் காயவில்லை.

அவ்விரண்டாம் தாளில்தான், அக்கடிதம் முழுவதிலும் குழப்பமற்ற ஒரு செய்தி இருந்தது.

உணவுக்கும் அறைக்குமான பகுதி, வரி இல்லாவிடினும், வருமானமாகக் கொள்ளப்படும். விடுதியில் துணைக்கு ஆள் உண்டு. ஆதலின், வீட்டுத் துணையாளரின் சம்பளத்துக்கென வழங்கிவரும் மாத உதவி, மாணவி விடுதியில் சேரும் நாளோடு நிறுத்தப்படும்.

துணையாளர் என்று அது குறித்தது அக்காவை.

'அக்கா' என்பது, அவள் வேலைக்கு வந்த முதல் நாள், அந்தக் குழந்தை தானாகவே வைத்த முறைப்பெயர்.

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாலை வழிபாட்டு நேரம் வந்தது. என்றும்போல் நாற்காலியின் முன்னே மண்டியிட்டு, தாமாகக் குவிய அறியாத அவ்விரு கைகளையும் எடுத்துச் சேர்த்து, அவற்றின்மேல் தன் கைகளைக் குவித்தாள். மாணவி துதிப்பாடலைத் தொடங்கினாள். அக்கா கண்மூடிக் கேட்டிருந்தாள். தனக்கென ஒன்றும் வேண்டவில்லை.

பாடல் முடிந்தும் நான்கு கைகளும் பிரியவில்லை.

"என்னக்கா, உன் கை பிசுபிசுன்னு ஒட்டுது?"

"மழை ஈரம்தான்," என்றாள் அக்கா. "போற இடத்துல ஒரு குறையும் இல்லாம நல்லா இரு, கண்ணு."