தொட்டியில் எழுதிய தேதி

கடகடவென்று படித்துக்கொண்டு வந்த செய்தி ஆசிரியர் கடைசி வரியில் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“அந்த ஆள் உங்க அப்பாவா?”

“ஆமா சார். அதையும் சொல்லித்தானே ஆகணும்?”

எதிரே நின்றவளுக்குப் பள்ளிப்படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கோடை விடுமுறையில் பத்திரிகையில் பயிற்சிக்கு வந்த ஆறு பேரில் ஒருத்தி. வந்த நாளிலிருந்து அவள் குடைந்த குடைச்சலில் அலுவலகம் அவளுக்கு ‘கேள்விக்குறி’ என்று பெயர் வைத்துவிட்டது.

பயிற்சி முடிய ஆளுக்கு ஒரு செய்தி எழுத வேண்டும். தேறுவது ஞாயிற்றுக்கிழமை இதழில், எழுதியவர் பெயரோடு வரும். மற்ற ஐந்தும் குப்பை. இது செய்தி.

நாலு தெருவுக்கும் ஒரு பள்ளிக்கும் தண்ணீர் தரும் தொட்டி. கழுவி இரண்டு வருஷமாகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ‘சுத்தம் செய்த நாள்’ என்று சுவரில் நீலப் பெயிண்டில் புதுத் தேதி மட்டும் ஏறிவிடும். நகராட்சி எஞ்சினீயர் உத்தரவு. எழுதியவர் தொட்டி ஊழியர்.

“கழுவலைன்னு எப்படித் தெரியும்?”

“கழுவினா ஒரு நாள் தண்ணியை நிறுத்தணும் சார். நாற்பது வீட்டுல விசாரிச்சேன். ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நிக்கலை. மேல ஏறிப் படமும் எடுத்தேன்.”

போனை நீட்டினாள். சுவரெல்லாம் பாசி. ஓரத்தில் செத்த புறா ஒன்று மிதந்தது. செய்தி ஆசிரியர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எஞ்சினீயர்கிட்ட கேட்டியா?”

“மூணு தடவை. ‘போய்ப் படிக்கிற வேலையைப் பாரு’ன்னார். அதை அப்படியே போட்டிருக்கேன்.”

“ஏணிக் கதவு பூட்டியிருக்குமே?”

“சாவி கிடைச்சது.”

“யார் கொடுத்தது? விஷயத்தை உனக்கு யார் சொன்னது?”

“அதைச் சொல்ல மாட்டேன் சார். முதல் நாள் நீங்க போட்ட சட்டம்தான்.”

போட்டோக்காரர் நாற்காலியைத் திருப்பினார். “யார் கொடுப்பா? அப்பன் தூங்கறப்ப சட்டைப்பையில கை விட்டிருக்கும். பேப்பர்ல பேர் வரணும்னா பெத்தவனையே காட்டிக் கொடுக்கலாம். என் பொண்ணா இருந்தா தெரியும் சேதி.”

“உங்க பொண்ணு இல்லையே அண்ணே.”

செய்தி ஆசிரியர் பேனாவை எடுத்தார். “தேதி எழுதினவர்னு வர்ற வரியை அடிச்சுடறேன். எஞ்சினீயர் ஒருத்தர் போதும்.”

“அடிக்காதீங்க சார். சொன்னது எஞ்சினீயர். எழுதின கை அப்பாவோடது.”

“வேலை போயிடும்மா.”

“தெரியும் சார்.”

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செய்தியில் ஓட்டை இல்லை. அச்சுக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரோடு வந்தது. திங்கள் தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். செவ்வாய் எஞ்சினீயரும் தொட்டி ஊழியரும் சஸ்பெண்ட்.

புதன்கிழமை அவள் அப்பா அலுவலகத்துக்கு வந்து நின்றார். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயிண்ட்.

ரகளை நிச்சயம் என்று போட்டோக்காரர் எழுந்து தயாராக நின்றார்.

செய்தி ஆசிரியர் முந்திக்கொண்டார். “மனசுல வெச்சுக்காதீங்க. சின்னப் பொண்ணு. பேருக்கு ஆசைப்பட்டு உங்களை…”

“யாரு சார் அப்படிச் சொன்னது?”

போட்டோக்காரர் கேமராப் பையில் எதையோ தேடினார்.

“நாலு தடவை எழுதினேன் சார். நாலு தடவையும் சோறு இறங்கலை. அந்தத் தண்ணியைத்தானே இவளும் ஸ்கூல்ல குடிக்கிறா. அதான் ஒரு நாள் இவளைக் கூப்பிட்டு…”

கேள்விக்குறி ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

“அப்பா, பேசாதீங்க. சேதி கொடுத்தவர் யாருன்னு வெளியில சொல்லக் கூடாது.”