எத்தனை மைக்ரோன்?

நிரோஷினிக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணித் தட்டை மேசையில் 'டொக்'கென்று வைத்தாள்.

பெண் பார்க்க வந்த திலக்ஷன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை! மேசையில் கிடந்த ஒயில் பில்டர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா ராஜரத்தினத்துக்குக் கண்டி டவுனில் மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடை. கேட்கவா வேண்டும்?

"தொண்ணூத்தொம்பது வீதம் தூசி பிடிக்கும்னு போட்டிருக்கே அங்கிள், அப்ப நல்ல சாமான்தானே?"

"அங்கதான் தம்பி எல்லாரும் ஏமாறுறது!" அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "எத்தன மைக்ரோன், அதாவது எவ்வளவு பொடித் தூசியிலன்னு கேக்கணும். பெரிய தூசிய எந்தப் பில்டரும்தான் பிடிக்கும். கல்லப் பிடிக்கச் சுளகு போதுமே! பொடித் தூசியிலயும் அந்த வீதம் வந்தாத்தான் அது பில்டர்."

திலக்ஷனோடு வந்திருந்த பெரியம்மா கலாராணி தொண்டையைச் செருமினாள். "நான் ஒண்ணு கேக்கணும்..."

"ஒரு நிமிஷம் பெரியம்மா. அங்கிள், அப்ப எவ்வளவு பொடிசப் பிடிக்குதோ அவ்வளவு நல்லதா?"

"ரொம்ப நெருக்கமானா ஒயில் ஓடாது தம்பி. ரெண்டும் பாக்கணும்."

பெரியம்மா மறுபடி வாயெடுத்தாள். இவன் மறுபடி பில்டரைத் தூக்கினான். பெரியவங்களைப் பேசவிடாத இதெல்லாம் ஒரு மாப்பிள்ளையா!

நிரோஷினிக்கு அழுகை முட்டியது. போன வருஷம் நிச்சயம் முடிந்த பிறகு ஒருத்தன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதை இவனிடம் போனிலேயே சொல்லிவிட்டாள். 'அதனால என்ன?' என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். இப்போது மனசு மாறிவிட்டது போல.

ஒருவழியாக எல்லோரும் வேனில் ஏறினார்கள். திலக்ஷன் மட்டும் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். விடுவாளா?

"பிடிக்கலன்னா நேராச் சொல்லியிருக்கலாமே! எதுக்குப் பில்டரக் கட்டிக்கிட்டு அழுதீங்க?"

"ஐயோ, பிடிக்கலன்னு யாருங்க சொன்னது? உங்களத்தான் கட்டிக்கப் போறேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வர்ற வழியெல்லாம் பெரியம்மா ஒரே பிடி. 'அந்த நிச்சயம் ஏன் நின்னுச்சுன்னு அவ அப்பன்கிட்டயே கேக்குறேன் பாரு'ன்னு. உங்க அப்பா சபையில தல குனியணுமா, சொல்லுங்க?"

நிரோஷினி திரும்பிப் பார்த்தாள். உள்ளே அப்பா, அம்மாவைப் பிடித்துவைத்து மைக்ரோன் கணக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இப்படிச் சத்தமாகச் சிரித்து ஒரு வருஷமாகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி சரி, உங்க பைக்குக்கு எந்தப் பில்டர் வேணும்? அப்பாகிட்ட எடுத்துவைக்கச் சொல்றேன்."

"பைக்கா?" திலக்ஷன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஓட்டவே தெரியாதுங்க!"